காபா வந்தால் குளோரைடு வெளியேறுகிறது, அப்புறம் செல் எப்படி அடங்குகிறது?

மன்னார்குடி விலங்கியல்:
எம்.எஸ்சி. இரண்டாம் ஆண்டு. செமினாருக்குத் தலைப்பு, கேட்டல் நரம்புச் செல்களில் காபாவும் கிளைசினும். இரண்டும் பொதுவாக நரம்புச் செல்லை அடக்கும் வேதிப்பொருட்கள். எங்கள் பாடப்புத்தகத்தில் காபா ஏற்பி திறந்தால் எதிர்மின் அயனியான குளோரைடு உள்ளே வரும், செல் அடங்கும் என்று இரண்டே வரி. ஆனால் கோழிக்குஞ்சின் மூளைத்தண்டில் நியூக்ளியஸ் மேக்னோசெல்லுலாரிஸ் என்ற நரம்புச் செல் தொகுதியில் குளோரைடு வெளியே போகிறது, மின்னழுத்தம் ஏறுகிறது, அப்படியும் செல் அடங்குகிறது என்று படித்தேன். ஏறினால் மின்துடிப்பு கிளம்ப வேண்டாமா? கைடு "புக்ல இருக்கறதச் சொல்லு போதும்" என்று முடித்துவிட்டார்.

கடைமடை வாத்தியார்:
அம்மாடி, காபா திறந்துவிடும், அவ்வளவுதான். ஓடும் திசை அதன் கையில் இல்லை. எங்கள் தலைஞாயிறு பக்கம் வடிகால் மதகைத் திறந்தால், கடல் இறங்கியிருக்கும்போது வயல் தண்ணீர் வடியும். ஏறியிருந்தால் உப்புத் தண்ணீர் உள்ளே வந்துவிடும். செல்லின் குளோரைடு மட்டத்தை வைப்பவை இரண்டு கடத்துப்புரதங்கள். என்.கே.சி.சி.1 உள்ளே ஏற்றும், கே.சி.சி.2 வெளியே இறைக்கும். உள்ளே அதிகம் சேர்ந்திருந்தால், திறந்ததும் வெளியேறத்தான் செய்யும்.

மன்னார்குடி விலங்கியல்:
திசை புரிந்தது சார். ஏன் துடிப்பு கிளம்பவில்லை என்பதுதான் இன்னும் இடிக்கிறது.

கும்பகோணம் செவியியல்:
தங்கச்சி, ஏறுவது மட்டும் போதாது, சட்டென்று ஏற வேண்டும். காபா மெதுவாக ஏற்றி அங்கேயே பிடித்து வைக்கிறது. அதற்குள், துடிப்பைக் கிளப்பும் சவ்வின் சோடியம் வாய்க்கால்களில் பல செயலிழந்துவிடும். குறைந்த மின்னழுத்தத்திலேயே திறக்கும் பொட்டாசியம் வாய்க்கால்களும் திறந்துவிடும். நேரம் பிசகாமல் துடிக்க வேண்டிய இந்தச் செல்களில் அவை ஏராளம். சவ்வு முழுக்க ஒழுகும்போது செவி நரம்பிலிருந்து வரும் தூண்டல் எடுபடாது. வயலில் எலிக்காகக் கம்பு நட்டு உட்கார வைக்கிறோமே, அந்தக் கூகைக்கும் இதே நியூக்ளியஸ் உண்டு. இரண்டு காதுக்கும் ஒலி வந்து சேரும் நேர வித்தியாசத்தை, மைக்ரோ நொடிக் கணக்கில், வைத்து இருட்டில் எலி இருக்கும் பக்கத்தைக் கண்டுபிடிக்கிறது.

ஆனால் கோழிக் கதையை எலிக்குச் சொல்லிவிடாதே. எலிக்குட்டியின் மூளைத்தண்டில் பக்கவாட்டு மேல் ஆலிவ் என்ற கேட்டல் பகுதியில் பிறந்த முதல் வாரம் கிளைசினும் காபாவும் மின்னழுத்தத்தை ஏற்றும், கால்சியமும் உள்ளே வரும். இணைப்புகள் சீராக அது உதவுகிறது என்று கருதுகிறார்கள். பிறகு கே.சி.சி.2 வேலையைப் பிடிக்க, குளோரைடு குறைந்து திசை மாறிவிடுகிறது. சுமார் பன்னிரண்டாம் நாள் காது கேட்கத் தொடங்கும் முன்பே இது முடிந்துவிடும். கோழியிலோ வளர்ந்த பிறகும் மாறுவதில்லை.

ஒன்று தயாராக வைத்துக்கொள்: "குளோரைடு வெளியே போவது எப்படித் தெரியும்?" என்று யாராவது கேட்பார்கள். சாதாரண பேட்ச் கிளாம்பில் (நுண்ணிய கண்ணாடிப் பிப்பெட்டைச் செல்லில் ஒட்டி மின்னோட்டம் அளக்கும் முறை) பிப்பெட் திரவம் செல்லுக்குள் கலந்து உள்ளிருந்த குளோரைடு அளவையே மாற்றிவிடும். அதனால் கிராமிசிடின் என்ற ஆன்டிபயாடிக் போட்டுச் சவ்வில் நுண்துளை செய்வார்கள். அதன் வழியே சோடியமும் பொட்டாசியமும் போகும், குளோரைடு போகாது. அந்த முறையை விளக்கும் படத்தை ஒரு ஸ்லைடாகப் போடு.