சக்கர் ராடுக்கு ஷாட் பீனிங்: கொடுக்கிற காசுக்கு ஆகுமா?

(கிணற்றடி, எஃகுப்பட்டறை, தண்டுவடம், உப்புநீர்: பேசும் நால்வரின் புனைபெயர்கள்.)

கிணற்றடி
மேற்கு டெக்சஸ், பெர்மியன் படுகையில் ஒரு பீம் பம்ப் கிணறு. பம்ப் 6,000 அடியில், பிளஞ்சர் (பம்புக்குள் ஏறி இறங்கும் உருளை) 1¾ அங்குலம். அதை மேலிருந்து இழுக்கும் சக்கர் ராடு (எஃகுக் கம்பித் தொடர்) மேலே 7/8, கீழே 3/4 அங்குலம், எல்லாம் டி கிரேடு என்ற வலிமை வகை. நிமிடத்துக்கு 8 ஸ்ட்ரோக். வருவதில் பத்துக்கு ஒன்பது பங்கு உப்புத் தண்ணீர், வாயுவில் ஹைட்ரஜன் சல்ஃபைடு உண்டு. டைனமோமீட்டர் கார்டுப்படி (ராடின் சுமையை அளந்து வரைந்த வரைபடம்) உச்சி ராடில் அதிகபட்சத் தகைவு 31,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்குப் பவுண்டு), குறைந்தபட்சம் 9,000. கார்டில் ஃப்ளூயிட் பவுண்டும் (அரைகுறையாக நிரம்பிய பம்பில் பிளஞ்சர் திரவத்தின் மேல் மோதுவது) தெரிகிறது. ஒன்றரை ஆண்டுக்குள் 7/8 ராடு மூன்று முறை முறிந்தது. மூன்றும் உடற்பகுதியில், முனையில் திருகு உள்ள பின்னில் ஒன்றுமில்லை.

கையில் மூன்று விலைப்பட்டியல்: ஷாட் பீனிங் (சிறு எஃகுக் குண்டுகளை மேற்பரப்பில் மோதவிடுவது) செய்த புது டி ராடு, இண்டக்ஷன் முறையில் மேற்பரப்பைக் கடினமாக்கிய ராடு, பழைய ராடையே சுத்தம் செய்து சோதித்துப் பீனிங் போட்டுத் தருவது. எதை வாங்கலாம்?

எஃகுப்பட்டறை
முதலாவதை. ஃபட்டீக் விரிசல் (சுமை திரும்பத் திரும்ப ஏறி இறங்குவதால் வருவது) கிட்டத்தட்ட எப்போதும் மேற்பரப்பில்தான் பிறக்கிறது. அதுவும் அங்கே இழுவிசை இருந்தால்தான் திறந்து வளரும். எஃகுக் குண்டுகள் மோதும்போது மேல்தோல் நசுங்கிப் பக்கவாட்டில் விரியப் பார்க்கும், அடியில் இருக்கும் உலோகம் விடாது. அந்த இழுபறியில் தோல் அமுக்கத் தகைவில் மாட்டிக்கொள்கிறது. முறையாகச் செய்தால் அதன் அளவு யீல்டு வலிமையில் (எஃகு நிரந்தரமாக நீளத் தொடங்கும் தகைவு) பாதிக்காவது வரும். கிணற்றில் ராடு இழுபடும்போது முதலில் அந்த அமுக்கத்தைக் கரைத்த பிறகுதான் தோல் இழுவிசைக்கே வரும்.

இன்னொரு காரணமும் உண்டு. ஹாட் ரோல் செய்த கம்பியின் மேல்தோலில் கார்பன் கொஞ்சம் எரிந்து போயிருக்கும். முனைகளை அடித்துப் பருமனாக்கிய பின் முழு நீளத்துக்கும் நார்மலைஸ், டெம்பர் என்ற வெப்பச் சிகிச்சைகள் செய்யும் உலையில் காற்றுக் கட்டுப்பாடு சரியில்லை என்றால் இன்னும் எரியும். உள்ளே 120,000 பிஎஸ்ஐ எஃகு, தோலில் அதைவிட மெலிந்த எஃகு. அந்தக் குறையை ஈடுகட்ட பீனிங்கைவிட மலிவான வழி கிடையாது.

தண்டுவடம்
சார், விலைப்பட்டியல் பார்க்கிறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு போடுங்க. ராடு தாங்குமான்னு பார்க்கிற மாடிஃபைடு குட்மேன் வாய்பாடு: அனுமதிக்கிற உச்சத் தகைவு = (T/4 + 0.5625 × குறைந்தபட்சத் தகைவு) × சர்வீஸ் ஃபாக்டர் (அரிப்புக்காகக் குறைக்கிற எண்). டி ராடுக்கு T (குறைந்தபட்ச இழுவலிமை) 115,000. நான்கில் ஒரு பங்கு 28,750, அதோட 9,000-க்கு 5,062. மொத்தம் 33,812. அதிலிருந்து 9,000 கழிச்சா அனுமதி வீச்சு 24,812. உங்க வீச்சு 22,000. அதாவது 89 சதவீதம். பார்க்க நல்லாத்தான் இருக்கும்.

ஆனா அது அரிப்பே இல்லாத கிணத்துக்கு. உப்புத் தண்ணியும் சல்ஃபைடும் இருக்கிற இடத்துல ஃபாக்டர் 0.9 போட்டா 103 சதவீதம், 0.8 போட்டா 122. ராடு அதிகச் சுமையில ஓடுது. அதை விட்டுட்டுத் தோலுக்குப் பூச்சு பூசி என்ன பண்ண?

ஃப்ளூயிட் பவுண்ட் இருக்குன்னா பம்ப் முழுசா நிரம்பலை. 1¾ பிளஞ்சரை 1½ ஆக்குங்க. 6,000 அடித் தண்ணிக்குத் திரவச் சுமை சுமார் 6,250 பவுண்டிலிருந்து 4,590-க்கு இறங்கும். 7/8 ராடோட பரப்பு 0.601 சதுர அங்குலம். உச்சத் தகைவு 2,750 பிஎஸ்ஐ குறையும். 0.9 ஃபாக்டரோடயே 90 சதவீதத்துக்கு வந்துடுவீங்க. ஒரு ஸ்ட்ரோக்குக்கு இடப்பெயர்ச்சி 27 சதவீதம் குறையும்தான், ஆனா பாதி காலியா அடிக்கிற பம்புல அது பெரிய இழப்பில்லை. பவுண்டும் அடங்கும்.

எஃகுப்பட்டறை
பிளஞ்சரைச் சின்னதாக்குவதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் “அதிகச் சுமைதான் காரணம்” என்று எதை வைத்து முடிவு செய்தீர்கள்? 0.9, 0.8 என்பது அவரவர் அனுபவத்தில் போடும் எண், அளந்து வந்ததல்ல. முறிந்த முகத்தைப் பார்க்காமல் பேசுகிறோம். கிணற்றடி, முகம் எப்படி இருக்கிறது? வழவழப்பான பகுதி எவ்வளவு, சொரசொரப்பாகக் கிழிந்த பகுதி எவ்வளவு?

கிணற்றடி
மூன்று முகமும் ராடின் அச்சுக்குச் செங்குத்து. ஒரு குழியிலிருந்து பிறை பிறையாகக் கோடுகள். வழவழப்பான பகுதி பாதிக்கு மேல். மிச்சம் கிழிந்து, ஓரத்தில் சாய்ந்த உதடு போல நிற்கிறது. குழி சின்னது, ஆழமானது, கறுப்புப் பொருக்கு அப்பியிருக்கிறது.

எஃகுப்பட்டறை
அப்படியென்றால் வளைந்த ராடு இல்லை. இருந்தால் முகம் சற்றுச் சாய்ந்திருக்கும். தண்டுவடம் சொல்லும் மிகைச்சுமையும் முதன்மைக் காரணம் இல்லை. சுமை மிக அதிகமாக இருந்தால் விரிசல் கொஞ்சம் வளர்ந்ததுமே மிச்சப் பரப்பு தாங்காமல் கிழியும், வழவழப்பான பகுதி சின்னதாக இருக்கும். இங்கே பாதிக்கு மேல் வளர்ந்த பிறகுதான் கிழிந்திருக்கிறது. சுமை நடுத்தரம், மூலம் மேற்பரப்பு. நான் சொன்னது அதைத்தானே?

உப்புநீர்
மூலம் மேற்பரப்பு, சரி. ஆனால் மேற்பரப்பில் என்ன? குழி. கறுப்புப் பொருக்கு இரும்பு சல்ஃபைடு; அது எஃகுக்குக் கேத்தோடாக (எஃகைக் கரைய வைக்கும் எதிர்முனையாக) நடந்துகொள்ளும், அதனால் பொருக்கின் அடியில் குழி இன்னும் வேகமாக இறங்கும். ஷாட் பீனிங்கின் அமுக்க அடுக்கு சாதாரணமாக 0.1 முதல் 0.3 மி.மீ. வரைதான். குழி 0.5 மி.மீ. போனால் அதன் அடிப்பகுதி அமுக்க அடுக்கைத் தாண்டி, உள்ளே சமன் செய்துகொண்டிருக்கும் இழுவிசைப் பகுதியில் நிற்கிறது. அங்கே பீனிங் உதவாது.

நிமிடத்துக்கு 8 ஸ்ட்ரோக் என்றால் ஆண்டுக்கு 42 லட்சம் சுழற்சி. ஒன்றரை ஆண்டில் 63 லட்சம். 1 கோடி சுழற்சியைத் தாண்டினால் எஃகுக்கு ஆயுள் எல்லையில்லை என்பது உலர்ந்த காற்றில் செய்த சோதனைக்குப் பொருந்தும். அரிக்கும் தண்ணீரில் அப்படி ஒரு பாதுகாப்பான எல்லையே கிடையாது.

இரண்டாவது விலைப்பட்டியலைப் பற்றி யாரும் பேசவில்லை. இண்டக்ஷன் ராடின் அமுக்க அடுக்கு மில்லிமீட்டர் கணக்கில் ஆழமானது, பீனிங்கைவிடப் பல மடங்கு. காகிதத்தில் அதுவே சிறந்தது. ஆனால் அந்தத் தோலின் கடினத்தன்மை சல்ஃபைடு விரிசலுக்கு (ஹைட்ரஜன் சல்ஃபைடால் கடின எஃகு வெடிப்பது) வழக்கமாகச் சொல்லும் ராக்வெல் சி அளவுகோலின் 22 என்ற வரம்பைத் தாண்டி எங்கேயோ இருக்கும். இன்ஹிபிட்டர் (அரிப்பைத் தடுக்கும் மருந்து) படலம் ஒரு வாரம் அறுந்தாலும் ஃபட்டீக்குக்குக் காத்திருக்காமல் வெடிக்கலாம். சல்ஃபைடு இல்லாத, சுமை அதிகமுள்ள கிணற்றுக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள்.

எஃகுப்பட்டறை
அந்த 22-ஐ வைத்துப் பார்த்தால் டி கிரேடே தேறாது. 115,000 முதல் 140,000 பிஎஸ்ஐ என்ற அதன் வீச்சு தொடங்கும் இடமே ஏறக்குறைய 22. சி, கே கிரேடுகள் 90,000–115,000, அவைதான் வரம்புக்குள்.

உப்புநீர்
உண்மைதான். ஆனால் சி ராடை இங்கே போட்டால் ஃபாக்டர் 1.0-லேயே 119 சதவீதம் வருகிறது. உச்சியில் 1 அங்குல ராடு சேர்க்காமல் அது நடக்காது. சேர்த்தால் எடை கூடி கியர்பாக்ஸ் டார்க்கை (முறுக்கு விசையை) அது தாங்குமா என்று பார்க்க வேண்டும். டி-யிலேயே இருந்து இன்ஹிபிட்டரை ஒழுங்காகப் போடுவதுதான் நடைமுறை. அனுலஸ் (கேசிங் குழாய்க்கும் உள்குழாய்க்கும் இடைவெளி) வழியாக பேட்ச், அதாவது ஒரே தடவையில் ஊற்றும் மருந்து, பின்னாலேயே தள்ளுதண்ணீர், பம்பை ஓட்டித் திரும்பச் சுழற்றுவது. இந்தக் கிணற்றில் திரவ மட்டம் தாழ்வாக இருப்பதால் மருந்து சீக்கிரம் அடிக்கு இறங்கும்; அது ஒரு வசதி. ராடை வெளியே எடுத்து மறுபடி இறக்கிய அன்றே ஒரு பெரிய பேட்ச் போட வேண்டும். ராடுகளை இணைக்கும் கப்ளிங் உரசியும் காற்றுப் பட்டும் படலம் போயிருக்கும். கேசிங் வால்வு வழியாக ஆக்ஸிஜன் உள்ளே போக விட்டால் மற்ற எதுவும் எடுபடாது.

தண்டுவடம்
மூணாவது பட்டியல்தான் எனக்குப் பயமா இருக்கு. பழைய ராடைச் சுத்தம் பண்ண எல்லாப் பட்டறையும் குண்டு அடிக்கத்தான் செய்யும். அது துரு, பொருக்கு எடுக்கிற வேலை. அதையே பில்லுல “ஷாட் பீனிங்”னு எழுதிடுறாங்க. உடைஞ்ச குண்டைச் சலிச்சு எடுக்கலைன்னா கூரான துண்டு ராடு மேல கீறல் போடும், அந்தக் கீறலே அடுத்த முறிவுக்கு விதை.

அதைவிட மோசம் வரிசை. குண்டு அடிச்சா குழியோட விளிம்பு மழுங்கும், விரிசலோட வாய் மூடிக்கும். அதுக்கப்புறம் மின்காந்தச் சோதனை வச்சா நல்ல ராடுன்னு பாஸ் ஆயிடும். முதல்ல வெந்நீரோ மண்ணெண்ணெயோ வச்சு லேசாக் கழுவணும், கண்ணால பார்க்கணும், உடம்புக்கு மின்காந்தச் சோதனை, பின்னுக்குக் காந்தத் துகள் சோதனை. வளைஞ்சதைத் தூக்கிப் போடணும், நிமிர்த்தக் கூடாது. குளிர்நிலையில நிமிர்த்தினா ஒரு பக்கம் இழுவிசை உள்ளேயே தங்கிடும். இதுல தேறினதுக்குத்தான் பீனிங்.

எஃகுப்பட்டறை
இதில் முழுக்க உடன்படுகிறேன். மூன்றாவதை விட்டுவிடலாம், ஏற்கெனவே ஆழக் குழி விழுந்த ராடுக்குப் பீனிங் போடுவது வீண்.

ஆனால் புது ராடுக்கு நான் சொன்னதிலிருந்து பின்வாங்கவில்லை. குழி 0.5 மி.மீ. ஆவதற்கு முன் 0.1, 0.2 மி.மீ. என்ற கட்டங்களைத் தாண்டித்தான் போக வேண்டும். அந்தக் கட்டங்களில் விரிசல் பிறப்பதைப் பீனிங் தள்ளிப் போடுகிறது. உப்புநீர் சொல்லும் மருந்தால் குழியின் வேகத்தைக் குறைத்தால் அந்தக் காலம் இன்னும் நீளும். இரண்டும் சேர்ந்து வேலை செய்யும்.

ஆர்டரில் எழுத வேண்டியது: ஆல்மன் ‘ஏ’ பட்டையில் (குண்டடியில் எவ்வளவு வளைகிறது என்று அளக்கும் சோதனைத் தகடு) தீவிரம் எவ்வளவு என்று எண்ணாகவே கேளுங்கள். அடிக்கும் நேரத்துக்கு வளைவைக் குறிக்கும் செறிவு வளைகோட்டைக் காட்டச் சொல்லுங்கள். அடிக்கும் நேரத்தை இரட்டிப்பாக்கினால் பட்டையின் வளைவு 10 சதவீதத்துக்கு மேல் கூடக் கூடாது. பரப்பு முழுக்கக் குண்டுத் தடம் படிந்ததா என்பதை பத்து மடங்கு லென்ஸில் பார்க்க வேண்டும். பருமனான முனையும் உடலும் சேரும் சரிவை விட்டுவிடுவார்கள். அதைத் தனியாகக் குறிப்பிடுங்கள். கடைசி வெப்பச் சிகிச்சைக்குப் பிறகுதான் பீனிங். அதன்பின் 250 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடுபட்டாலோ, ராடு வளைந்து நிமிர்ந்தாலோ அமுக்கம் போய்விடும். மேலே சொன்ன ஆல்மன் எண்ணைத் தர முடியாத பட்டறைக்குக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள்.

தண்டுவடம்
அப்படி எழுதிக் கேட்டா ஒப்புக்கறேன். ஆனா முதல் செலவு பிளஞ்சருக்கும் மருந்துக்கும்தான், மிச்சம் இருந்தாத்தான் பீனிங். இன்னொண்ணு: ராடைக் கிணத்துக்குள்ள இறக்கும்போது ஒரு ரெஞ்ச் தழும்பு, ஒரு சுத்தியல் அடி போதும், அந்த 0.3 மி.மீ. தோல் அங்கேயே முடிஞ்சது. கப்ளிங் கழல சுத்தியலால தட்டற பழக்கம் இருக்கிற ரிக்குன்னா (ராடை ஏத்தி இறக்கிற வண்டி, ஆளு) பீனிங் காசு போச்சுன்னே வச்சுக்குங்க.

எஃகுப்பட்டறை
செலவு வரிசையில் எனக்குச் சம்மதமில்லை. பிளஞ்சரை மாற்ற எப்படியும் ராடு முழுதும் வெளியே வர வேண்டும். குழி விழுந்த 7/8 ராடுகளை அப்போதே மாற்றாவிட்டால், அவற்றுக்காக இன்னொரு தடவை ரிக் கூப்பிட வேண்டி வரும். ரிக் வாடகைக்கு முன் பீனிங்குக்குக் கொடுக்கும் கூடுதல் விலை ஒன்றுமே இல்லை.

கிணற்றடி
1½ அங்குல பிளஞ்சர், 7/8 பகுதி முழுக்கப் புது டி ராடு, இறக்கிய அன்றே பேட்ச் என்று எழுதியிருக்கிறேன். ஆல்மன் எண் கேட்டு இரண்டு பட்டறைக்கும் கடிதம் போயிருக்கிறது. 3/4 ராடுகளை மாற்றவில்லை; அவற்றுக்குத் தண்டுவடம் சொன்ன வரிசையில் சோதனை மட்டும்.

உப்புநீர்
3/4-ஐ வெளியே அடுக்கி வைக்கும்போது மழையில் நனைய விடாதீர்கள். சல்ஃபைடுப் பொருக்கோடு ஈரமும் காற்றும் சேர்ந்தால் ரேக்கில் கிடக்கும்போதே புதுக் குழி தொடங்கிவிடும்.