சாத்தூர் சொந்தங்கள் குழு: பட்டை நிப்பும் கல்யாணக் கவரும்

சனிக்கிழமை

செல்வி: எல்லாருக்கும் வணக்கம். ஒரு யோசனை கேட்க வேண்டும். கேலிகிராபி, அதாவது நிப்பால் அழகாக எழுதும் கலை, பழகலாம் என்று இருக்கிறேன். ஆன்லைனில் ஒரு பெட்டி பார்த்தேன். 12 நிப்பு, 5 மை, மரக் கைப்பிடி எல்லாம் சேர்த்து 1,850 ரூபாய். வாங்கலாமா?

பிரபு: தாராளமாக வாங்கு. அடுத்த வருடம் என் பிறந்தநாளுக்கு அதையே கொடு. பிரிக்காமல்தான் இருக்கும்.

சாந்தி சித்தி: 😂😂

ராமர் மாமா: சாத்தூர்ப் பிள்ளை நிப்பு வாங்க ஆன்லைனுக்குப் போகிறது. நல்லா இருக்கு.

கார்த்தி: ஏன் மாமா, சாத்தூரில் வெள்ளரிக்காயும் சேவும்தானே பேமஸ்?

ராமர் மாமா: டேய். ஒரு காலத்தில் இந்த ஊரில் தெருவுக்குத் தெரு நிப்புப் பட்டறை. தகட்டை வெட்டுவது ஒரு வீடு, பேர் குத்துவது ஒரு வீடு, வளைப்பது, பிளவு போடுவது, தேய்ப்பது என்று ஒரு நிப்பு பல கை மாறித்தான் பேனாவுக்குப் போகும். பால்பாயிண்ட் வந்து எல்லாத்தையும் சாய்த்துவிட்டது. உன் மாமா கையில் பிளவு போட்ட நிப்பில்தான் இங்கே பாதிப் பேர் பத்தாவது எழுதினீர்கள்.

பிரபு: அப்பா ஆரம்பித்துவிட்டார்.

ராமர் மாமா: நீ சும்மா இரு. செல்வி, பெட்டி வேண்டாம். 12 நிப்பு கையில் இருந்தால் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பதிலேயே பொழுது போகும். ஒன்று போதும். உனக்கு வேண்டியது கூர் நிப்பா, பட்டை நிப்பா? அதை முதலில் சொல்.

செல்வி: இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்திருந்தேன் மாமா.

ராமர் மாமா: இரண்டும் வேறு வேறு வித்தை. கூர் நிப்பில் கையின் அழுத்தம்தான் எல்லாம். கீழே இழுக்கும்போது அழுத்தினால் பிளவு விரிந்து கோடு தடிக்கும். மேலே ஏற்றும்போது தொட்டும் தொடாமலும் போக வேண்டும், அழுத்தினால் நிப்பு தாளில் குத்தி மை தெறிக்கும். ஆங்கிலக் கல்யாணப் பத்திரிகைகளில் சாய்ந்து சுருண்டு வருமே, காப்பர்பிளேட், அது இப்படித்தான். 55 டிகிரி சாய்வு. பட்டை நிப்பில் அழுத்தவே கூடாது. முனை உளி போல வெட்டியிருக்கும். ஒரே கோணத்தில் பிடித்துக்கொண்டு போனால், கோடு திரும்பும் இடத்தில் தடிப்பும் மெலிவும் தானாக வரும். தமிழ் எழுதப் போகிறாய் என்றால் பட்டைதான்.

செல்வி: தமிழ்தான் மாமா. ஆபீஸில் நாள் முழுக்கத் தட்டச்சு. கையால் எழுதுவது கையெழுத்து மட்டும்தான், அதுவும் கூரியர்காரர் நீட்டும் போன் கண்ணாடி மேல் விரலால்.

கோமதி அத்தை: செல்வி, உங்க மாமா நிப்புக் கடைக்கு அனுப்பும் முன்னால் நான் சொல்வதைச் செய். இரண்டு பென்சிலைச் சேர்த்து மேலே ஒன்று கீழே ஒன்று ரப்பர் பேண்ட் போடு. இரண்டு கூரும் ஒரே நேரத்தில் தாளில் பட வேண்டும். அதை வைத்து ட, ப, ம எழுது. இரண்டு கோடும் அகலமாக விலகுகிற இடம் தடிப்பு, நெருங்கி ஒன்றாகிற இடம் மெலிவு. பத்துப் பைசா செலவில்லை. வகுப்பில் பிள்ளைகளுக்கு இதைத்தான் செய்யச் சொல்வேன்.

சாந்தி சித்தி: மதினி, தண்ணி வண்டி இன்றைக்கு உங்கள் தெருவுக்கு வந்ததா?

கோமதி அத்தை: காலையிலேயே வந்துபோய்விட்டது சாந்தி.

செல்வி: [படம்]

செல்வி: அத்தை, இரட்டைப் பென்சில்! ப நன்றாக வந்தது. ஆனால் ட-வின் கீழ்க்கோடு ஒரு தடவை தடிப்பு, ஒரு தடவை நூல் மாதிரி.

கோமதி அத்தை: கை சுழல்கிறது. மணிக்கட்டைத் திருப்பாதே. தாளின் படுக்கைக் கோட்டுக்கு 30 டிகிரியில் பென்சில் முனைகளை வைத்து, அந்தக் கோணத்தை மட்டும் பார். எழுத்து அழகாக வருகிறதா என்று இப்போதே பார்க்காதே.

பிரபு: ஏன் 30? 45 வைத்தால் என்ன?

ராமர் மாமா: 45-இல் நின்ற கோடும் படுத்த கோடும் ஒரே தடிப்பாகிவிடும், எழுத்தில் வித்தியாசமே தெரியாது. 30-இல் படுத்த கோடு நிப்பு அகலத்தில் சரிபாதி, நின்ற கோடு அதைவிட நல்ல தடிப்பு. நேராக வைத்தால் படுத்த கோடு மயிரிழை. நம் எழுத்தில் க, ட, ப, ர என்று நின்ற கோடும் படுத்த கோடும்தான் அதிகம், அதனால் கோணம் கொஞ்சம் பிசகினாலும் அப்பட்டமாகத் தெரியும்.

செல்வி: நான் பார்த்த வீடியோவிலும் 30 டிகிரிதான். எட்வர்ட் ஜான்ஸ்டன் என்று ஒரு பிரிட்டன்காரர். லண்டன் சுரங்க ரயிலுக்கு 1916-இல் எழுத்து வரைந்தவர். அவர் 10-ஆம் நூற்றாண்டுக் கையெழுத்துப் பிரதி ஒன்றைப் பார்த்துப் பார்த்துத்தான் ஆரம்பப் பாடத்துக்கான எழுத்தை உருவாக்கினாராம். எழுத்தின் உயரம் 4 நிப்பு அகலம். அடிக்குச்சி வேண்டாம், நிப்பைப் படுக்க வைத்து நாலு கட்டம் அடுக்கினால் அதுதான் உயரம்.

கோமதி அத்தை: அவருக்குப் பார்த்து எழுத ஒரு பழைய பிரதி இருந்தது. நமக்கு அந்த வசதி இல்லை. நம் ஏடுகள் எல்லாம் எழுத்தாணியால் ஓலையில் கீறியவை. கீறலில் தடிப்பேது, மெலிவேது? எல்லாம் ஒரே கனம். புள்ளி வைத்தால் ஓலை பொத்துவிடும் என்று பல ஏடுகளில் புள்ளியே கிடையாது. ஆகவே தமிழில் எந்தக் கோடு தடிக்க வேண்டும் என்பதை எழுதுகிறவர்தான் முடிவுசெய்ய வேண்டும். எனக்கு இதில் வருத்தமில்லை, சந்தோஷம்தான். யாரும் வந்து தப்பு என்று சொல்ல முடியாது.

பிரபு: அம்மா டீச்சராக இருந்து இதைச் சொல்கிறாரே! ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டேன்.

கோமதி அத்தை: ஒற்றுப்பிழை விட்டால் தப்புதான். அதில் மாற்றமில்லை.

செல்வி: அப்படியானால் 4 அகலம் தமிழுக்குப் போதுமா அத்தை?

கோமதி அத்தை: ப, ட-வுக்குப் போதும். ண எழுதிப் பார், சுழி எல்லாம் அடைத்துப்போய்க் கறுப்புத் திட்டாகும். நான் 5 வைப்பேன். ண, ணை நிறைய வரும் பெயர் என்றால் 6.

பிரபு: நிப்பை வைத்து அளக்கும் இந்த விஷயம் எங்கள் திருவல்லிக்கேணியிலும் உண்டு. தி முஸல்மான் என்ற உருதுப் பத்திரிகை, 1927-இல் ஆரம்பித்தது. காத்திபுகள் என்ற எழுத்துக் கலைஞர்கள் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கத்தையும் கையால் எழுதி, அதைப் படம்பிடித்துத்தான் அச்சடிப்பார்கள். என் ரூம்மேட் உருது படித்தவன். அந்த எழுத்திலும் கலம் என்ற நாணல் பேனாவின் முனையை வைத்து ஒரு சாய்சதுரப் புள்ளி போட்டு, முதல் எழுத்தான அலிஃப் இத்தனை புள்ளி உயரம் என்றுதான் அளப்பார்களாம்.

ராமர் மாமா: அப்படியானால் லண்டன்காரருக்கும் அவர்களுக்கும் நமக்கும் நிப்புதான் அளவுகோல். இதை முதலிலேயே சொல்லியிருந்தால் நீ இந்தத் தொழிலுக்கு வந்திருப்பாய்.

பிரபு: எந்தத் தொழிலுக்கு அப்பா? பட்டறை இருந்த இடத்தில் இப்போது மொபைல் கடை.

கார்த்தி: மாமா, ஆச்சியின் பழைய கடிதத்தை அம்மா பீரோவில் பார்த்தேன். அதில் லை எழுதியிருக்கிற விதமே புரியவில்லை. முன்னால் என்னமோ சுருட்டி விட்டிருக்கிறார்கள்.

கோமதி அத்தை: அது தும்பிக்கை வைத்த லை. ணை, லை, ளை, னை நாலும் அப்படித்தான் இருந்தன. ணா, றா, னா மூன்றும் தனிக் கால் இல்லாமல் எழுத்தோடேயே சுழிந்து முடியும். ணொ, றொ, னொ, ணோ, றோ, னோவுக்கும் அதே கதை. மொத்தம் 13 எழுத்து. பெரியார் 1935-லேயே குடி அரசு பத்திரிகையில் மாற்றி எழுதிக் காட்டினார். 1978-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில்தான் அரசாணை வந்தது. ஆச்சி கடைசி வரை மாற்றிக்கொள்ளவில்லை. அவசரத்தில் எழுதிய கடிதத்தில்கூடத் தும்பிக்கை முழுசாக இருக்கும், மற்றதெல்லாம் கிறுக்கலாகப் போனாலும்.

செல்வி: பட்டை நிப்பில் அந்த லை என்ன அழகாக வரும்! அண்ணாமலை என்று எழுதினால் ணா, லை இரண்டும் வந்துவிடும்.

ராமர் மாமா: உன் நோட்டில் எழுது. கவரில் எழுதாதே. தபால்காரர் சின்னப் பையன், அண்ணாமலை வீட்டுப் பத்திரிகையைத் திருப்பி அனுப்பிவிடுவார்.

சாந்தி சித்தி: கவர் என்றதும்தான் ஞாபகம் வருது. செல்வி, திவ்யா கல்யாணப் பத்திரிகைக்கு நீயே கையால் பேர் எழுதித் தருகிறாயா? 300 கவர்தான்.

செல்வி: 300-ஆ? சித்தி, நான் இன்னும் பென்சிலில் இருக்கிறேன்!

கோமதி அத்தை: 300 எல்லாம் ஆகாது சாந்தி. ஊரில் மூத்தவர்கள் 40 வீடு இருக்குமா? அவற்றுக்கு மட்டும் கையால். மற்றதற்கு அச்சு லேபிள் ஒட்டு. தை மாதத்துக்கு நாள் இருக்கிறது, அதற்குள் கை படிந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை

செல்வி: மாமா, சரி, இப்போது நிப்பு. என்ன வாங்கட்டும்?

ராமர் மாமா: பழைய சாத்தூர் நிப்பு என்னிடம் ஒரு டப்பா இருக்கிறது. நானே பட்டை வைத்துத் தருகிறேன். முனையில் இருக்கும் குமிழைக் கட்டிங் பிளேயரில் நறுக்கிவிட்டு, எண்ணெய்க் கல்லில் நேராகத் தேய்க்க வேண்டும். பிளவு சரியாக நடுவில் இருக்க வேண்டும், ஒரு பக்கம் ஒதுங்கினால் அந்தப் பக்கம் மை வராது. கடைசியில் ஜீரோ நம்பர் எமரித் தாளில் இரண்டு மூலையையும் லேசாக மழுக்கணும். இதை விட்டுவிட்டுத்தான் பலர் நிப்பு தாளைக் கிழிக்கிறது என்பார்கள். பட்டை ஒரு மில்லிமீட்டருக்கு மேல் போனால் மை போதாது. நிப்புக்கு அடியில் வரும் கறுப்புக் கட்டையில் உள்ள கோட்டைப் பிளேடால் கொஞ்சம் ஆழப்படுத்த வேண்டும்.

பிரபு: நான் பாரிமுனை பக்கம் போகிறேன். ஜெம் அண்ட் கோ பேனாக் கடையில் பார்க்கட்டுமா? பைலட் பேரலல் என்று ஒரு பேனா, இரண்டு தகடு சேர்ந்த நிப்பு, அதைத்தான் எல்லாரும் சொல்கிறார்கள்.

ராமர் மாமா: அது நல்ல சாமான்தான், குறை சொல்ல மாட்டேன். பார்த்தால் 2.4 அல்லது 3.8 மில்லிமீட்டர் வாங்கு. முதலில் பெரிசாக எழுதினால்தான் எங்கே பிசகு என்று கண்ணுக்குத் தெரியும். 1.5-இல் எல்லாம் ஒளிந்துகொள்ளும். அப்படியே திருவள்ளூர்ப் பேனாவும் பார்த்துவிட்டு வா, எபோனைட் என்ற கெட்டி ரப்பரைக் கடைசல் பிடித்துச் செய்வார்கள். வாங்க வேண்டாம், கையில் பிடித்துப் பார்.

பிரபு: வாங்காமல் பிடித்து மட்டும் பார்க்க என்னை அனுப்புகிறார்.

ராமர் மாமா: ஒரு விஷயம் எல்லாருக்கும். பேனாவுக்குள் இந்தியன் இங்க் ஊற்றவே கூடாது. அதில் அரக்கு இருக்கும், காய்ந்தால் பேனா முடிந்தது. தொட்டு எழுதும் நிப்புக்கு மட்டும்தான் அது. புது நிப்பில் துரு பிடிக்காமல் இருக்க எண்ணெய் பூசியிருப்பார்கள். பற்பசை வைத்துத் துடைத்துவிட்டுத்தான் மையில் தொட வேண்டும், இல்லையென்றால் மை முத்து முத்தாக உருண்டு நிற்கும்.

கார்த்தி: மாமா, எனக்கு இடது கை. நானும் எழுதலாமா? எழுதினதை எல்லாம் என் கையே அழித்துவிடுகிறது.

ராமர் மாமா: தாராளமா. தாளை வலது பக்கம் நன்றாகச் சாய்த்து வை, கை கோட்டுக்குக் கீழே இருக்கும். உனக்கு நிப்பை எதிர்ப்பக்கம் சாய்வாகத் தேய்த்துத் தருகிறேன். கடையில் கேட்டால் கிடைப்பது கஷ்டம்.

செல்வி: கார்த்திக்கும் நோட்டு வாங்கட்டுமா? எந்தத் தாள்?

கோமதி அத்தை: ஜெராக்ஸ் தாள் வேண்டாம், மை ஊறி வேர் விடும். பாண்ட் பேப்பர், கனம் 100 ஜிஎஸ்எம், வாங்கு. அடியில் கோடு போட்ட தாள் வைத்து எழுது. பழைய கணக்குப் பேரேடு மிச்சம் இருந்தால் அதைவிட நல்ல தாள் கிடையாது.

சாந்தி சித்தி: கவர் மெரூன் கலரில் பளபளப்பாக வந்திருக்கிறதே, அதில் எழுத வருமா?

செல்வி: [படம்]

செல்வி: சித்தி, நீங்கள் கொடுத்த மாதிரிக் கவரில் நீல மையை வைத்துப் பார்த்தேன். கறுப்பு மேல் கறுப்பு. விரல் பட்டதும் ஈஷிக்கொண்டது.

ராமர் மாமா: மெரூனில் சாதாரண மை எதுவும் தெரியாது. போஸ்டர் கலரில் வெள்ளையோ சந்தனமோ எடுத்துப் பால் பதத்துக்குத் தண்ணி விட்டுக் கரைத்து, பிரஷ்ஷால் நிப்பில் ஏற்று. பேனாவில் ஊற்றிவிடாதே. அது எழுதும். ஆனால் பளபளப்பு மேல் தங்காது, கவரின் உள்பக்கம் சொரசொரப்பாக இருக்கிறதா பார்.

சாந்தி சித்தி: உள்பக்கத்தில் பேர் எழுதினால் யாருக்கு என்று எப்படித் தெரியும் அண்ணே?

கோமதி அத்தை: கெட்டி வெள்ளைத் தாளில் எழுதி வெட்டி ஒட்டலாம். மூலையில் மஞ்சள் தடவும்போது மட்டும் எழுத்துப் பக்கம் ஈரக் கையைக் கொண்டுபோகாதே. பின்கோடு மட்டும் சாதாரண எழுத்தில் தெளிவாக இருக்கட்டும், அதில் அழகு காட்ட வேண்டாம்.

ராமர் மாமா: மொய் யார் எழுதுவது?

சாந்தி சித்தி: கம்ப்யூட்டர் மொய்க்குச் சொல்லியாச்சு அண்ணே. கொடுத்த உடனே ரசீது அடித்துத் தருவார்கள்.

ராமர் மாமா: கரண்டு போனால்?

பிரபு: அதற்கும் அப்பாவிடம் ஒரு டப்பா நிப்பு இருக்கிறது.

கோமதி அத்தை: கேலி செய்யாதே. என் கல்யாண மொய் நோட்டு இன்னும் இருக்கிறது. உங்கள் தாத்தா எழுதியது. யார் 5 ரூபாய், யார் 11 ரூபாய் என்பதைவிட அந்த எழுத்தைப் பார்க்கத்தான் அடிக்கடி எடுக்கிறேன். கம்ப்யூட்டர் இருக்கட்டும், பக்கத்தில் ஒரு நோட்டும் இருக்கட்டும். முதல் பக்கத்தில் பேர், தேதி மட்டும் செல்வி பட்டை நிப்பில் எழுதித் தரட்டும்.

செல்வி: அது முடியும் அத்தை. ஒரு பக்கம்தானே.

சாந்தி சித்தி: சரி, 40 பேர் பட்டியல் இன்றைக்கு ராத்திரி அனுப்புகிறேன். யாரும் விட்டுப்போயிருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள். போன கல்யாணத்துச் சண்டை இன்னும் ஓயவில்லை.

பிரபு: அத்தை, என் பேர் இருக்கிறதா? தும்பிக்கை எல்லாம் தேவையில்லை, சுலபமான பேர்.

சாந்தி சித்தி: உனக்குக் கவர் எதற்குடா? நீ பந்தியில் சாம்பார் வாளி.