டாக்டர் ஹூ முதல் நால்வர்: மனசை விட்டுப் போகாத அந்த ஒரு காட்சி

நீலப்பெட்டி

பிபிசியின் 'டாக்டர் ஹூ' அறிவியல் புனைவுத் தொடரில் டாக்டர் என்கிற காலப்பயணி அவ்வப்போது உருமாறுவார், நடிகரும் மாறுவார். முதல் நால்வர் ஹார்ட்னெல், ட்ரௌட்டன், பெர்ட்வீ, டாம் பேக்கர். இந்த நாலு பேரில் யாருடைய எந்தக் காட்சி உங்களை உறுத்திக்கொண்டே இருக்கிறது? கதைச் சுருக்கம் வேண்டாம், இங்கே எல்லோரும் பார்த்தவர்கள்தான்.

என் கணக்கில் 'தி த்ரீ டாக்டர்ஸ்'. பெர்ட்வீயும் ட்ரௌட்டனும் டாக்டரின் காலப்பயணப் பெட்டியான டார்டிஸுக்குள் நின்று மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார்கள். ஹார்ட்னெல் மட்டும் ஸ்கேனர் திரையில் வந்து, ஒருவரை மினுக்கி என்றும் மற்றவரைக் கோமாளி என்றும் ஒரே வரியில் கிழித்துப் போடுவார். அவர் ஒரு கூண்டில் மாட்டிக்கொண்டார் என்று கதை சொல்வது சாக்கு. ரத்தக்குழாய்த் தடிப்பு நோயால் நீளமான வசனம் எதுவும் அவர் நினைவில் நிற்காத நிலை. மூவருக்கும் பங்கு பிரித்து எழுதியிருந்ததை மாற்றி, அவர் பகுதியைச் சுருக்கி, உட்கார்ந்த இடத்திலேயே தனியாகப் படம் பிடித்தார்கள். வசனத்தை அட்டையில் எழுதிக் காட்டினார்கள். அவர் பார்வை எங்கே போகிறது என்று கவனியுங்கள், படிக்கிறார் என்பது புரியும். குரலில் மட்டும் அந்தப் பழைய அதட்டல் அப்படியே இருக்கும். ஒளிபரப்பு தொடங்கியது 1972 டிசம்பர் 30. அதற்குப் பிறகு அவர் நடிக்கவில்லை. 1975 ஏப்ரலில் போய்விட்டார்.

லைம்குரோவ்

நண்பரே, நோயாளியான ஹார்ட்னெலைப் பார்த்து உருகுவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அவர் எப்போதுமே தள்ளாடிய கிழவர்தான் என்று புதிதாகப் பார்க்க வருகிறவர்கள் முடிவு கட்டிவிடுகிறார்கள். 1963 நவம்பர் 23 அன்று முதல் பாகம் வந்தபோது அவருக்கு 55 வயது. பின்னாளில் டாக்டராக நடித்த கபால்டியைத் தேர்ந்தெடுத்தபோது அவருக்கும் அதே 55தான். நரைத்த நீள முடி விக். அந்த நடையும் இருமலும் நடிப்பு.

பார்க்கவேண்டியது 'டாலெக் இன்வேஷன் ஆஃப் எர்த்' ஆறாம் பாகம், 1964 டிசம்பர் 26. பேத்தி சூசனின் ஷூ தேய்ந்து அடியில் ஓட்டை. தைத்துத் தருகிறேன் என்று தாத்தா அதைக் கையில் வாங்கிக்கொண்டு டார்டிஸுக்குள் போகிறார். போனவர் கதவை உள்ளே பூட்டிவிடுகிறார். அவள் பூமியில் தான் விரும்பும் டேவிடுடன் தங்கட்டும் என்பது அவர் முடிவு. அவள் வாயால் அதைச் சொல்லமாட்டாள் என்பது அவருக்குத் தெரியும். வெளியே அவள், உள்ளே அவர், கையில் அந்த ஒற்றை ஷூ. பெட்டி மறைந்த பிறகு சூசன் டார்டிஸ் சாவியைத் தரையில் போட்டுவிட்டு நடக்கிறாள். திரும்பி வருவேன் என்று அவர் சொல்லும் அந்தப் பேச்சைத்தான் 1983-இல் 'தி ஃபைவ் டாக்டர்ஸ்' தொடக்கத்தில் ஒட்டிவைத்தார்கள்.

அப்புறம் அந்த வசனத் தடுமாற்றம். அதைத் தொகுத்துக் கேலி செய்கிறவர்கள் படப்பிடிப்பு எப்படி நடந்தது என்பதையும் சொல்லவேண்டும். வாரம் முழுக்க ஒத்திகை, பிறகு ஒரே மாலையில் 25 நிமிடப் பாகம் முழுவதும் பதிவு. கிட்டத்தட்ட நாடகம் போலத்தான், வரிசையாக, பல கேமராக்களோடு. இரண்டு அங்குல வீடியோ டேப்பைத் தொகுக்கவேண்டும் என்றால் பிளேடு வைத்து வெட்டி ஒட்டவேண்டும். வெட்டிய டேப்பை மறுபடி பயன்படுத்துவது கஷ்டம், டேப் விலையோ கொள்ளை. அதனால் பதிவை நிறுத்துவதற்கு மிகக் குறைந்த இடங்களே கிடைக்கும். ஒரு சொல் உளறியதற்காக யாரும் நிறுத்தமாட்டார்கள். முதல் சீசனில் 42 பாகம், இரண்டாவதில் 39, மூன்றாவதில் 45. இந்த வேகத்தில் இன்றைய நடிகர் ஒருவரை நிறுத்திப் பாருங்கள். டாக்டரோடு பயணிக்கும் ஆசிரியர் இயான் செஸ்டர்டன் பெயரைத் தப்புத்தப்பாகச் சொல்வதில் பல இடங்கள் திரைக்கதையிலேயே எழுதப்பட்டவை. அதையும் உளறல் கணக்கில் சேர்ப்பது நியாயமில்லை.

'டாலெக் இன்வேஷன்' கதையின் நாலாவது பாகத்தில் அவரே கிடையாது, கவனித்தீர்களா? முந்தைய பாகத்தின் பதிவில் முதுகில் அடி. டாக்டர் மயங்கி விழுகிறார் என்று மாற்றி, முகம் காட்டாமல் வேறொருவரை வைத்து ஒப்பேற்றினார்கள்.

மிக்சர்மேசை

'தி டென்த் பிளானெட்' நாலாம் பாகம், 1966 அக்டோபர் 29. தரையில் கிடக்கும் ஹார்ட்னெல் முகம் வெளிறி வெளிச்சமாகி ட்ரௌட்டன் முகமாகிற அந்தச் சில விநாடிகள். கணினி கிடையாது, பின்னால் சேர்த்த வித்தையும் கிடையாது. ஸ்டூடியோவிலேயே ஒரு கேமராப் படத்திலிருந்து இன்னொன்றுக்குக் கலக்கினார்கள். கேமராப் படங்களை மாற்றிக் கலக்கும் விஷன் மிக்சர் ஷெர்லி கவர்டுக்கு அந்த மேசையில் இருந்த ஒரு கோளாறு தெரியும், படம் பொங்கி வெளுத்துவிடும். சரிசெய்யவேண்டிய பழுதையே உருமாற்றமாக்கிவிட்டார்.

பிபிசி பழைய பதிவுகளை அழித்துவந்த காலம், அந்தப் பாகம் தொலைந்துவிட்டது. 1973-இல் 'புளூ பீட்டர்' நிகழ்ச்சியில் அந்தத் துண்டைப் போட்டதால் அது மட்டும் பிழைத்தது.

போடை

ட்ரௌட்டன் ஆட்கள் யாரும் இல்லையா?

'டூம் ஆஃப் தி சைபர்மென்' மூன்றாம் பாகம். முந்தைய கதையில் அப்பாவை இழந்து டாக்டரோடு பயணிக்கும் விக்டோரியாவுக்குப் பக்கத்தில், ராத்திரிக் காவலில், டாக்டர் உட்காருகிறார். தன் குடும்பத்தைப் பற்றிக் கேட்கிறாள். வேண்டும்போது கண்முன் கொண்டுவர முடியும், மற்ற நேரம் அவர்கள் மனசுக்குள் தூங்குவார்கள் என்கிற பொருளில் மெதுவாகச் சொல்கிறார். அதுவரை முகத்தைக் கோணிக்கொண்டு ரெக்கார்டர் குழல் ஊதித் திரிந்த ஆள் அந்த ஒரு நிமிடம் முகத்தில் எதையுமே செய்யமாட்டார். அதுதான் அடி.

நாலு பாகமும் அழிந்ததாகத்தான் கிடந்தது. ஹாங்காங்கில் ஒரு தொலைக்காட்சி நிலையத்தில் ஃபிலிம் பெட்டிகள் கிடைத்து, 1992-இல் கேசட்டாக வந்தது. பின்னாளில் டாக்டராக நடித்த மாட் ஸ்மித் தன் டாக்டருக்கு இதிலிருந்துதான் பிடித்துக்கொண்டார் என்பது ஊரறிந்த கதை.

டெலிஸ்னாப்

ட்ரௌட்டனுக்கு 'டூம்' போதும் என்று நிறுத்திக்கொள்வது தப்பு. அவர் அறிமுகமான 'பவர் ஆஃப் தி டாலெக்ஸ்' ஆறு பாகமும் இல்லை. உறுத்துகிற காட்சி எது என்றால், அதில் டாக்டரின் பரம எதிரியினமான டாலெக் ஒன்று அவரை அடையாளம் கண்டுகொள்கிற இடம். கூட வந்த பென்னே இவர் டாக்டர்தானா என்று சந்தேகப்படுகிறான், டாலெக்குக்குச் சந்தேகமே இல்லை. அவ்வளவுதான் என் காட்சி.

ஆனால் அதை எப்படிப் பார்ப்பது? 2016-இல் வந்த அனிமேஷனை மட்டும் பார்த்துவிட்டு ட்ரௌட்டன் சுமார் என்று எழுதுகிறவர்களுக்காக இது. அவர் நடிப்பில் பாதி புருவத்திலும் உதட்டோரத்திலும் இருக்கிறது. சிக்கன அனிமேஷனில் முதலில் காணாமல்போவது அதுதான். குரல் மட்டும் அசல். ஒளிபரப்பின்போது ரசிகர்கள் வீட்டில் டேப் ரெக்கார்டரில் பிடித்துவைத்ததால், தொலைந்த பாகம் ஒவ்வொன்றுக்கும் ஒலி தப்பியிருக்கிறது.

ஆகவே முதல் சுற்றில் ஒலியை மட்டும் ஹெட்போனில் கேளுங்கள், இடையில் விளக்கவுரை சேர்த்த பதிப்பாக இருந்தால் நல்லது. வசனமே இல்லாத இடங்களில் என்ன நடக்கிறது என்பது இல்லாவிட்டால் புரியாது. இரண்டாவது சுற்றுக்கு ஸ்டில் படங்களை ஒலியோடு கோத்த மறுஉருவாக்கம். ஜான் க்யூரா என்பவர் டிவித் திரையைக் கேமராவில் படமெடுத்து நடிகர்களுக்கும் இயக்குநர்களுக்கும் விற்றுவந்தார். ஒரு பாகத்துக்கு அறுபது படம் என்று வையுங்கள், 25 நிமிடத்துக்கு வகுத்தால் 25 விநாடிக்கு ஒரு படம். ட்ரௌட்டன் முகம் உண்மையில் எப்படி இருந்தது என்பது அங்கேதான் கிடைக்கும். அனிமேஷனைக் கடைசியில் பாருங்கள், யார் எங்கே நிற்கிறார்கள் என்ற குழப்பம் தீரும். ஆறையும் ஒரே மூச்சில் பார்க்கவேண்டாம். வாரம் ஒன்று என்ற கணக்கில் எழுதியது, தொடர்ந்து பார்த்தால் மூன்று, நான்கில் சோர்ந்துவிடுவீர்கள்.

ஒரு வேடிக்கை. ஆஸ்திரேலியத் தணிக்கையாளர்கள் பயங்கரம் என்று வெட்டி எறிந்த துண்டுகள் அவர்கள் கோப்புகளோடு பத்திரமாக இருந்து 1996-இல் கிடைத்தன. 'ஃப்யூரி ஃப்ரம் தி டீப்' மாதிரிக் கதைகளில், குழந்தைகள் பார்க்கக்கூடாது என்று நீக்கிய இடங்கள்தான் இன்று அசைந்துகொண்டிருக்கின்றன, மற்றதெல்லாம் போய்விட்டது.

2013-இல் நைஜீரியாவின் ஜாஸ் நகரத்திலிருந்து ஒன்பது பாகம் வந்து 106 என்ற தொலைந்த கணக்கு 97 ஆனது. அதில் 'எனிமி ஆஃப் தி வேர்ல்ட்' முழுசாகிவிட்டது. அதில் ட்ரௌட்டனுக்கு டாக்டர், சாலமாண்டர் என்று இரண்டு வேடம். ஒரே ஆள் என்பது தோளைப் பிடிக்கிற விதத்தில்கூடத் தெரியாது. இதிலிருந்தே ஆரம்பிக்கலாம். டிவிடி வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: பிரிட்டன் வட்டு மண்டலம் 2, இந்தியா, இலங்கை பிளேயர்கள் மண்டலம் 5. பல மண்டல பிளேயர் இல்லாவிட்டால் வட்டு சுற்றும், படம் வராது.

வெல்வெட்கோட்டு

எல்லோரும் கறுப்பு வெள்ளையில் மூழ்கிக் கிடக்கிறீர்கள். பெர்ட்வீ 1970 ஜனவரி 3 அன்று வந்தபோதே தொடர் வண்ணத்துக்கு மாறிவிட்டது. பிறகு பல பாகங்களின் வண்ண டேப்பை அழித்துவிட்டு, வெளிநாட்டுக்கு விற்ற கறுப்பு வெள்ளை 16 மி.மீ. ஃபிலிம் மட்டும் மிஞ்சியது.

'மைண்ட் ஆஃப் ஈவில்', கெல்லர் இயந்திரம் அவர் பயத்தைத் தோண்டி எடுக்கிற இடம். கண்முன் நெருப்பு, 'இன்ஃபெர்னோ' கதையில் ஓர் உலகமே எரிந்ததைப் பார்த்தவர் அல்லவா. கராத்தே வெட்டும் பெஸ்ஸி காருமாகத் திரிகிற ஆள் நாற்காலியில் சுருண்டு கிடப்பார். நெருப்பைச் சாம்பல் நிறத்தில் பார்த்து என்ன பயன்?

2013 டிவிடியில் வண்ணம் திரும்பி வந்தது. பிஏஎல் என்ற வண்ணத் தொலைக்காட்சி முறையில் வண்ணத் தகவல் 4.43 மெகாஹெர்ட்ஸ் துணை அலையில் ஏறி வரும். அதைக் கறுப்பு வெள்ளைத் திரையில் காட்டினால் பொடிப்பொடியான புள்ளிகளாகத் தெரியும். வழக்கமாக வடிகட்டி போட்டு நீக்கிவிட்டுத்தான் ஃபிலிமில் பிடிப்பார்கள். வடிகட்டி போடாமல் விட்ட பாகங்களில் புள்ளிகள் ஃபிலிமிலேயே பதிந்துவிட்டன. மிக நுணுக்கமாக ஸ்கேன் செய்து, புள்ளிகளிலிருந்து வண்ணத்தைக் கணக்கிட்டுவிடலாம். சிக்கல் இரண்டு. ஃபிலிம் வளைவு நெளிவாகப் பதிந்திருக்கும், முதலில் ஒவ்வொரு கோடும் எங்கே இருந்தது என்று நிமிர்த்தவேண்டும். அடுத்து, ஒரு புள்ளி வரிசைக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வண்ணம் பொருந்தும். முகம் பச்சையா சிவப்பா என்று ஆள் பார்த்துத்தான் தீர்க்கவேண்டும். 2 முதல் 6 வரை இப்படி. முதல் பாகத்தில் புள்ளியே போதவில்லை, கையால் வண்ணம் ஏற்றினார்கள். இவ்வளவு பாடு ஒரு வெல்வெட் கோட்டின் நிறத்துக்காக. பட்டது தகும்.

கம்பளிக்கண்டு

டாம் பேக்கர். 'ரோபோ' முதல் பாகம், ஆள் புதுசாகி எழுந்ததும் மருத்துவர் ஹாரியோடு ஸ்கிப்பிங் கயிறு குதிப்பாரே, அது. ஏழு வருஷ டாக்டர் அந்தக் குதியிலேயே தெரிந்துவிடுகிறார்.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் டாம் பேக்கர் போட்டிருந்த அந்த நீளமான பலவண்ணக் கழுத்துத்துண்டைப் பின்னப் போகிறவர்களுக்கு. ஆடை வடிவமைப்பாளர் ஜேம்ஸ் அச்செசன் தேவைக்கு அதிகமாகவே நூல் கொடுத்தார், பின்னிய பெகோனியா போப் மொத்தத்தையும் பின்னிவிட்டார். அந்த நீளம் அப்படி வந்ததுதான். 8 ப்ளை நூல், 4 மி.மீ. ஊசி, 60 கண்ணி போடுங்கள், 27 செ.மீ. அகலம் வரும். எல்லா வரிசையும் நேர்ப்பின்னலே. மூன்றரை மீட்டருக்கு 600 கிராம் பக்கம் நூல் ஆகும். ஊதா, ஒட்டக நிறம், வெண்கலம், கடுகு மஞ்சள், துரு, சாம்பல், பச்சை என ஏழு நிறம், பட்டைகள் ஒரே அகலத்தில் இருக்கக்கூடாது.

ஒவ்வொரு பட்டையிலும் வரிசை எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்கட்டும். அப்போதுதான் நிறம் மாற்றுவது எப்போதும் ஒரே ஓரத்தில் விழும். ஒரு பக்கம் கோடு சுத்தமாகவும், புள்ளிபுள்ளியாக உடைந்த கோடு பின்பக்கமாகவும் நிற்கும். ஒற்றைப்படையில் மாற்றினால் இரண்டு முகமும் கலந்து அசிங்கமாகிவிடும். பட்டைக்கு இரண்டு நூல் நுனி மிஞ்சும், அவ்வப்போது சொருகிவிடுங்கள். எல்லாம் முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவர்களின் துண்டு பல வீடுகளில் பையிலேயே கிடக்கிறது. முக்கியமானது நீளம்: நேர்ப்பின்னல் தன் கனத்திலேயே தொங்கி நீளும். விரும்பும் நீளத்துக்கு ஓரடியாவது குறைவாக நிறுத்துங்கள், கொடியில் போடாமல் தட்டையாக உலர்த்துங்கள். அசல் கம்பளியை வெந்நீரில் கசக்கினால் சுருங்கிக் கட்டியாகிவிடும்.

லைம்குரோவ்

கம்பளிக்கண்டு, நீங்கள் சொன்னது 12-ஆவது சீசன் துண்டு. 18-ஆவது சீசனில் ஜூன் ஹட்சன் முழு உடையையும் அடர்சிவப்புக்கு மாற்றினார், நூலும் வேறு. படம் பார்க்காமல் நிறம் வாங்காதீர்கள் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

வெல்வெட்கோட்டு, நெருப்பு நல்ல வாதம். ஆனால் ஷூ ஓட்டைக்கு வண்ணம் தேவைப்படவில்லை.