தொண்டு நிறுவன வேலையும் அந்த இருபது சதவீதமும்

கொள்ளிடக்கரை:
நேற்று இன்னொரு இழையில் ஒருத்தர் எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சலாக இருக்கிறது. “சமூகப்பணி முதுகலையான எம்.எஸ்.டபிள்யூ. முடித்த பிள்ளைகள் தொண்டு நிறுவனத்துக்குப் போகாதீர்கள். வருகிற பணத்தில் 20 சதவீதத்துக்கு மேல் சம்பளம் தரக்கூடாது என்று சட்டமே இருக்கிறது” என்று அடித்துவிட்டிருக்கிறார். அதற்கு நாற்பது லைக் வேறு. ஒன்பது வருடமாக இந்தத் துறையில்தான் குப்பை கொட்டுகிறேன். 2020-ல் எஃப்.சி.ஆர்.ஏ. என்கிற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தைத் திருத்தி 50 சதவீத உச்சவரம்பை 20 ஆக்கினார்கள், வாஸ்தவம். அது நிர்வாகச் செலவுக்கு. அதுவும் வெளிநாட்டு நன்கொடைக்கு மட்டும். பிள்ளைகளைப் பயமுறுத்தாதீர்கள் ஐயா.

தணிக்கைமேஜை:
அந்த ‘ஒருத்தர்’ நான்தான். நேராகவே திட்டலாம். 25 வருடமாகத் தொண்டு நிறுவனக் கணக்குகளைப் பார்க்கிறேன். 20 என்றால் 20. சம்பளம் நிர்வாகச் செலவு இல்லாமல் வேறென்ன, சாம்பார் செலவா?

கொள்ளிடக்கரை:
விதியைப் படியுங்கள். ஆஸ்பத்திரி டாக்டர் சம்பளமும் பள்ளிக்கூட டீச்சர் சம்பளமும் நிர்வாகச் செலவில் சேராது என்று அதிலேயே உதாரணம் இருக்கிறது. களத்தில் நிற்பவர் சம்பளம் திட்டச் செலவு.

தணிக்கைமேஜை:
டாக்டர், டீச்சர் சரி. நீங்கள் சொல்லும் பிள்ளைகள் டாக்டரா? ‘புரோகிராம் கோஆர்டினேட்டர்’. நாலு ரிப்போர்ட், ரெண்டு மீட்டிங், ஒரு குரூப் போட்டோ. அது 20-க்குள்தான் போகும்.

மாட்டுத்தாவணி:
மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனை 1976-ல் 11 படுக்கையோடு ஆரம்பித்தது. இன்றைக்கு எத்தனை ஊரில் இருக்கிறது! அங்கே போய் ‘கேரியர் இல்லை’ என்று சொல்லிப் பாருங்கள்.

தணிக்கைமேஜை:
ஆஸ்பத்திரி. டாக்டர். மேலே ஒப்புக்கொண்டாயிற்று. படித்துவிட்டு எழுதவும்.

புதுசா_சேர்ந்தவள்:
சார், எனக்கு ஒரு சந்தேகம். போன மாதம்தான் வேலையில் சேர்ந்தேன். சம்பளம் 19,000. ஆறு பஞ்சாயத்து, சொந்த வண்டி, பெட்ரோலும் என் காசு. மதியம் வரை வீடு வீடாகப் போகிறேன், அப்புறம் ஆபீஸில் எக்செல். நான் எந்தச் செலவு?

தணிக்கைமேஜை:
மதியம் வரை திட்டம், அப்புறம் நிர்வாகம். விளையாட்டுக்குச் சொல்லவில்லை அம்மா, டைம்ஷீட் வைத்து அப்படித்தான் பிரித்து எழுதுவோம்.

கொள்ளிடக்கரை:
ஆக, முழுச் சம்பளமும் 20-க்குள் வராது. உங்கள் வாயாலேயே வந்துவிட்டது.

தணிக்கைமேஜை:
நான் அப்படிச் சொல்லவே இல்லை. பிரிக்கிறோம் என்றேன். ஏன் பிரிக்கிறோம்? 20 இருப்பதால்.

கிண்டி_கார்ப்பரேட்:
எல்லாரும் பழைய கதையே பேசுகிறீர்கள். இப்போது பணம் சி.எஸ்.ஆரில்தான், அதாவது பெரிய கம்பெனிகள் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டிய நிதியில். லாபத்தில் 2 சதவீதம், 2014-லிருந்து சட்டம். அங்கே நிர்வாகத்துக்கு 20 கூடக் கிடையாது, 5 தான்.

தணிக்கைமேஜை:
கேட்டுக்கொள்ளுங்கள். 20 கூடக் கிடையாதாம்.

கொள்ளிடக்கரை:
அந்த 5 உங்கள் கம்பெனி தன்னுடைய சி.எஸ்.ஆர். பிரிவை நடத்த வைத்துக்கொள்வதற்கு. எங்கள் ஊழியர் சம்பளத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் அதைக் காட்டித்தான் எங்களிடம் பேரம் பேசுகிறீர்கள். ஏ.சி. ஹோட்டலில் விழா வைக்கப் பணம் இருக்கும், கணக்காளர் சம்பளத்துக்கு இருக்காது. மார்ச் 31 நெருங்கினால் எங்கள் ஆட்களுக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். ஏப்ரலில் வேலை இருக்குமா என்று உங்கள் மேனேஜருக்கே தெரியாது.

கிண்டி_கார்ப்பரேட்:
ரிப்போர்ட் நேரத்துக்கு வந்தால் பணமும் நேரத்துக்கு வரும். உங்கள் ஆட்களுக்கு இங்கிலீஷில் ஒரு பக்கம் எழுதச் சொன்னால் ஒரு வாரம்.

நாகைத்தம்பி:
வந்துட்டாருய்யா இங்கிலீஷ் வாத்தியார். பத்து வருடம் களத்தில் கிடந்தவன் களத்திலேயே கிடக்கிறான். 13 மாத ஃபெலோஷிப் முடித்த பிள்ளை நேராக மேனேஜர்.

எழும்பூர்வாசி:
அதற்குத்தான் நல்ல காலேஜில் படிக்க வேண்டும் என்பது. மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க் 1952-லிருந்து இருக்கிறது. எங்கள் பேட்ச்சில் யாரும் இப்படிப் புலம்பவில்லை.

நாகைத்தம்பி:
எழும்பூர் அக்கா, சுனாமிக்கு அப்புறம் 2005-ல் எங்கள் ஊருக்கு வந்தீர்களே, ஜீப்பை விட்டு இறங்கினீர்களா?

எழும்பூர்வாசி:
அது என் ஜீப் இல்லை.

மாட்டுத்தாவணி:
என் கதையையும் கேளுங்கள். 2016-ல் ஒரு நிறுவனத்தில் ஐந்து வருடம் முடிய இரண்டு மாதம் இருந்தது. ‘புது டிரஸ்ட்டுக்கு மாற்றுகிறோம், அதே மேஜைதான்’ என்று புது ஆர்டர் கொடுத்தார்கள். ஐந்து வருடம் முடித்தால் கிடைக்கும் பணிக்கொடை, கிராச்சுட்டி, போச்சு. பெண் பார்க்கப் போன வீட்டில் ‘சேவை செய்கிறீர்கள், சந்தோஷம். வேலைக்கு எப்போது போவீர்கள்?’ என்று கேட்டார்கள்.

தணிக்கைமேஜை:
கிராச்சுட்டி எந்தத் தலைப்பில் வரும் தெரியுமா? அதுவும் 20-க்குள்தான்.

கொள்ளிடக்கரை:
சார், 2020 திருத்தத்தில் நம் பிள்ளைகள் வேலையைத் தின்றது 20 இல்லை. பெரிய நிறுவனம் வாங்கிய வெளிநாட்டுப் பணத்தைச் சின்ன நிறுவனத்துக்குக் கொடுக்கக் கூடாது என்றார்களே, அதுதான். நாலு பேர், ஐந்து பேர் வைத்து நடத்திய சின்ன அமைப்புகளுக்கு வந்துகொண்டிருந்த பணம் அப்படியே நின்றது. 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் அந்தத் தடை செல்லும் என்றுவிட்டது. அதைப் பற்றி ஒரு வரி எழுதினீர்களா?

தணிக்கைமேஜை:
பேச்சை மாற்றாதீர்கள். 20-க்குப் பதில் சொல்லுங்கள்.

கொள்ளிடக்கரை:
காலையிலிருந்து அதைத்தானே சொல்கிறேன்! நிர்வாகச் செலவுக்கு! சம்பளத்துக்கு இல்லை!

நாகைத்தம்பி:
யாருடைய ஜீப் அக்கா?

புதுசா_சேர்ந்தவள்:
சார், பெட்ரோல் காசு கேட்கலாமா கூடாதா?

தணிக்கைமேஜை:
பில் வைத்திருக்கிறாயா?

புதுசா_சேர்ந்தவள்:
இல்லை சார்.

தணிக்கைமேஜை:
பார்த்தீர்களா கொள்ளிடக்கரை, இதற்குத்தான் சொல்கிறேன். 20 என்றால் 20.