பழைய சிடியை ஃபிளாக் (தரம் குறையாத ஆடியோ ஃபைல்) ஆக்கினது சரியா வந்திருக்கான்னு எப்படிப் பாக்குறது?

கேள்வி: அப்பா வாங்கி வெச்ச சிடி ஒரு பொட்டி நிறைய இருக்கு, ஈஏசி (சிடியைக் கம்ப்யூட்டருக்கு எடுக்கற சாஃப்ட்வேர்) வெச்சு ஃபிளாக்கா மாத்திட்டு இருக்கேன், ஒரு சிடியில மட்டும் 7வது டிராக்குக்கு டெஸ்ட் சிஆர்சியும் காப்பி சிஆர்சியும் (படிச்ச டேட்டாவைச் சரிபார்க்கற எண்) வேற வேறயா வருது, காதுல கேட்டா வித்தியாசமே தெரியல. விட்டுடலாமா?

பழையடிரைவ்: விடாதீங்க. ஒரே டிராக்கை டிரைவ் ரெண்டு தடவை ரெண்டு மாதிரி படிச்சிருக்கு. நடுவுலேருந்து ஓரத்துக்கு நேரா துடைங்க (வட்டமா தேய்க்காதீங்க ப்ளீஸ்), செக்யூர் மோடுல (படிச்சதைச் சரிபார்த்துக்கிட்டே எடுக்கற மோடு) திரும்ப எடுங்க.

ஹெட்ஃபோன்காரன்: ஆஃப்செட் செட் பண்ணிட்டீங்களா? பெரும்பாலான டிரைவ் மாடலும் சில சாம்பிள் (ஒலியோட ஒரு சின்ன அளவீடு) தள்ளித்தான் படிக்கும், அதைச் சரிக்கட்டற எண்தான் ஆஃப்செட், நொடிக்கு 44,100 சாம்பிள் ஓடுறதுல அது காதுக்குத் தெரியாது, ஆனா மத்தவங்க எடுத்த காப்பியோட அக்யூரேட்ரிப் (ஆன்லைன் டேட்டாபேஸ்) ஒப்பிட்டுப் பாக்கறதுக்கு ஆஃப்செட் சரியா இருக்கணும். கான்ஃபிடன்ஸ் (எத்தனை பேரோட காப்பி ஒத்துப்போகுதுங்கற எண்) 3, 4ன்னு வந்தாலே நான் நம்பிடுவேன்.

பழையடிரைவ்: அப்பவும் வரலன்னா க்யூடூல்ஸ்ங்கற சாஃப்ட்வேர் போட்டுப் பாருங்க, அவங்க டேட்டாபேஸ்ல அந்த டிஸ்க் இருந்தா சின்ன டேமேஜை அதுவே ரிப்பேர் பண்ணிடும்.

கேள்வி கேட்டவர்: துடைச்சும் வரல, பழைய லேப்டாப் டிரைவ்ல போட்டதும் ரெண்டு சிஆர்சியும் ஒண்ணாயிடுச்சு, கான்ஃபிடன்ஸ் 4! அந்த லேப்டாப்பைத்தான் போன வாரம் எடைக்குப் போட இருந்தேன் 😅