பென் ரீல் டிராக் விட்டு விட்டு இழுக்குது, வாஷர் எங்க எடுக்கலாம்?

முகத்துவாரம்88: பழைய பென் (Penn) கொம்பனித் தூண்டில் ரீல். மீன் இழுக்கிற நேரம் தங்கூசிய இறுக்கிப் பிடிச்சு விடுற டிராக்லதான் பிழை. மீன் ஓடுற நேரம் தங்கூசி சீராப் போகுதில்ல, திக் திக்கெண்டு விட்டு விட்டுப் போகுது. ஸ்டார (டிராக்க இறுக்குற நட்சத்திரச் சில்ல) இன்னும் கொஞ்சம் இறுக்கினா ஒரேயடியாப் பூட்டுது. மட்டக்களப்பு டவுன்ல கேட்டன், புது ரீல் வாங்கச் சொல்றாங்க. வாஷர் எங்க கிடைக்கும்? ஞாயிறு போகணும், அவசரம்.

கல்லடிக்கரை: எந்தப் பென்? ரீலின்ர பக்கத் தட்டில மொடல் நம்பர் இரிக்கும். 500 எண்டா ஜிக்மாஸ்டர், 113 எண்டா செனட்டர் 4/0, 114 எண்டா 6/0. ஒண்டின்ர வாஷர் மத்ததுக்குச் சேராது. திறந்து பாத்தீங்களா? கிரீஸ் ஏதும் போட்டீங்களா?

வாழைச்சேனை வள்ளம்: இது வாஷர் இல்ல தம்பி, ஸ்பூல் (தங்கூசி சுத்துற உருளை) பெயரிங். உப்புப் பிடிச்சா இப்படித்தான் திக்கும். மண்ணெண்ணெயில கழுவி ஓயில் விடுங்க.

கல்முனை லேத்: பெயரிங்கா எண்டு பாக்கிறது லேசு. கிளட்ச (ஸ்பூலக் கைப்பிடியில இருந்து கழட்டுற நெம்ப) விட்டுட்டு ஸ்பூல விரலால சுத்துங்க. வழுக்கிச் சுத்தினா பெயரிங்கில பிழை இல்ல, டிராக்லதான்.

ஒலுவில் மாஸ்டர்: நம்பரும் இல்ல, படமும் இல்ல. இப்படிக் கேட்டா ஆர் பதில் சொல்றது? எத்தனையோ தரம் எழுதிட்டன்: முதல்ல திறக்கணும், பிறகு கேக்கணும். திறக்கிற நேரம் வெள்ளைத் துணி விரிச்சுக்கொள்ளுங்க. பிரிட்ஜத் (சில்லுகள் நிக்கிற உள் தட்ட) தூக்கினா பினியன் (சின்னப் பல்லுச் சில்லு) நுகத்துக்குக் கீழ உள்ள ரெண்டு சின்ன ஸ்பிரிங்கும் பறக்கும். பெரிய பல்லுச் சில்லுக்குள்ள டிராக் வாஷர் அடுக்கு இப்படி வரும், நார் எண்டது பிடி குடுக்கிற நார் வாஷர், மத்த ரெண்டு வகையும் உலோகம்: நார், சாவி வாஷர், நார், காது வாஷர், நார், சாவி வாஷர். சாவி வாஷர் கைப்பிடி பூட்டுற நடு ஸ்லீவோட சுத்தும், காது வாஷர்ர வெளி நீட்டு சில்லின்ர வெட்டுக்குள்ள இரிந்து சில்லோட சுத்தும். இத மாத்தி அடுக்கினா டிராக்கே இல்ல.

கல்முனை லேத்: அடுக்கு சரி, மாஸ்டர். ஆனா காது வளைஞ்சிருந்தாலும் இதே திக்குத்தான் வரும். உலோக வாஷர் எல்லாத்தையும் கண்ணாடித் தட்டில வச்சுப் பாருங்க, ஆடினா வளைவு. 400ஆம் நம்பர் தண்ணிப் பேப்பரக் கண்ணாடியில விரிச்சு, எட்டுப் போடுற மாதிரி தேயுங்க.

நார் வாஷர் வெட்டுறதெண்டா பழைய வாஷர்ர தடிப்ப நம்ப வேணாம், அது நசுங்கி மெலிஞ்சிருக்கும். மூண்டு உலோகத்தையும் அடுக்கி, சில்லின்ர குழி ஆழத்தில அந்தத் தடிப்பக் கழிச்சு, மூண்டாப் பிரியுங்க. தடிச்சா காது வெட்டுக்குள்ளால வெளிய வந்து வழுக்கும். மெலிஞ்சா ஸ்டார் முடிவு வரை போயும் அழுத்தம் வராது.

நெய்த கார்பன் தகடு நல்லம். தோல் தண்ணியில ஊதும். டெஃப்லோன் அழுத்தத்தில பிதுங்கி மெலியும், பிடியும் குறைவு. செருப்புத் தைக்கிறவர்ட, தோல்ல ஓட்டை போடுற பஞ்ச் ஆயுதத்தால உள் ஓட்டைய முதல்ல அடிங்க, பிறகுதான் வெளி வட்டம். மாறிச் செய்தா வளையம் கிழியும். பழைய கிளட்ச், பிரேக் நார்ல வெட்ட வேணாம், அஸ்பெஸ்டஸ் இரிக்கலாம்.

கல்லடிக்கரை: வெட்டின பிறகு கிரீஸ் கட்டாயம். ஆத்துவாயில உப்புத்தண்ணி உள்ள போகும்.

ஒலுவில் மாஸ்டர்: கார்பன் காய்ஞ்சுதான் வேலை செய்யணும். கிரீஸ் போட்டா பிடி போயிடும்.

கல்லடிக்கரை: எல்லாக் கிரீசும் இல்ல மாஸ்டர். டிராக்குக்கெண்டு வாற டெஃப்லோன் கிரீஸ், மெல்லிசாத் தடவி மிச்சத்தத் துடைக்கணும். உச்சப் பிடி கொஞ்சம் குறையும், ஆனா ஓடத் தொடங்கிற நேரம் திக்காது. தம்பிக்கு வேண்டியது அதுதானே?

ஒலுவில் மாஸ்டர்: பெரிய பாரை கல்லுக்குள்ள ஓடினா உச்சப் பிடிதான் வேணும். கரையில நிண்டு கொடுவா பிடிக்கிற கணக்கு வேற.

வாழைச்சேனை வள்ளம்: ரெண்டு பேரும் விடுங்க. 30 இறாத்தல் தங்கூசிக்கு மூண்டில ஒண்டு போதும், தொங்கு தராசில நாலரைக் கிலோவுக்குள்ள. அதுக்குக் கிரீஸ் போட்ட கார்பனும் தாங்கும். வேலை முடிஞ்சா ஸ்டாரத் தளத்தி வையுங்க, இறுக்கி வச்சாத்தான் வாஷர் நசுங்குது.

முகத்துவாரம்88: 500. ஒரு காது வளைஞ்சிரிந்திச்சு, நிமித்திட்டன். நார் கறுத்துப் பளபளக்குது, கார்பன் தேடுறன். ஸ்டாருக்குக் கீழ கிண்ணம் மாதிரி ரெண்டு வாஷர், எந்தப் பக்கம் பாக்கணும்?

கல்முனை லேத்: குழி ஒண்டையொண்டு பாக்க, ( ) இப்படி.