புதுப் படகுக்கு ஸ்டீரியோ: கார் கடையா, பட்டறையா?

ஆற்றோரம்:
ஊத்தான் மெலிந்தாங் அண்ணன்மார்களுக்கு வணக்கம். 19 அடி ஃபைபர் படகு, 60 குதிரைத்திறன் இஞ்சின், ஒரே 12 வோல்ட் பேட்டரி. பெர்ணம் ஆற்றிலும் கழிமுகத்திலும் ஓடும். பிளேயர், 4 ஸ்பீக்கர், 400 வாட் ஆம்ப் (சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர்) வாங்கியாச்சு. டவுனில் காருக்கு ஸ்டீரியோ பூட்டும் கடை கூலி குறைவு. படகு கட்டின பட்டறை இரண்டு மடங்கு கேட்கிறது. யாரிடம் கொடுக்கலாம்?

செம்பு ஒயர்:
வேலையைப் பிரிங்க தம்பி. பேட்டரியிலிருந்து ஆம்ப் வரைக்கும் உள்ள ஒயரிங்கும், ஓட்டை வெட்டுறதும் பட்டறைக்கு. ஸ்பீக்கர் இணைப்பும் டியூனிங்கும் கார் கடைக்கு. அதில் அவங்கதான் கில்லாடி.

கார் பழக்கம் இங்கே காலை வாரும். காரில் நெகட்டிவ்வை பாடியில் முடுக்கிடுவாங்க. ஃபைபரில் அது நடக்காது, நெகட்டிவ் ஒயரும் பேட்டரிக்கே திரும்பணும். சாதா செம்பு உப்புக்காற்றில் உறைக்குள்ளேயே பச்சை பிடிக்கும், வெள்ளீயம் பூசின ஒயர் கேளுங்க. செம்பு பூசின அலுமினிய ஒயர் வேண்டவே வேண்டாம்.

400 வாட் நிஜமான ஆர்.எம்.எஸ். (தொடர்ந்து தரும் சக்தி, பெட்டியில் போடும் உச்சக் கணக்கு இல்லை) என்றால் முழுச் சத்தத்தில் சுமார் 40 ஆம்பியர் இழுக்கும். பேட்டரிக்கும் ஆம்புக்கும் 5 மீட்டர் என்றால் போக வர 10 மீட்டர். 21 சதுர மில்லிமீட்டர் ஒயரில் இழப்பு மூன்றில் ஒரு வோல்ட்தான். பியூஸ் பேட்டரி பாசிட்டிவ்விலிருந்து 18 செண்டிமீட்டருக்குள் இருக்கணும். ஆம்ப் பக்கம் வைத்தால், நடுவில் ஒயர் உரசி ஷார்ட் ஆகும்போது ஒயர்தான் எரியும், பியூஸ் சும்மா இருக்கும்.

பலகை:
வெட்டும் இடத்தில் ஃபைபருக்குள் பலகை இருந்தால் விளிம்பை எபோக்சி தடவி மூடணும், இல்லாட்டி தண்ணி ஏறி உளுத்துடும். ஸ்க்ரூ 316 ஸ்டெயின்லெஸ் (உப்புத்தண்ணி தாங்கும் ரகம்). கார் கடை வெட்டினால் வாரண்டி நிற்குமா என்று பட்டறையிடம் எழுத்தில் வாங்குங்க. திசைகாட்டிக்குப் பக்கத்தில் ஸ்பீக்கர் வேண்டாம், காந்தம் முள்ளை இழுக்கும். பெட்ரோல் டாங்கி அறைக்குள் ஆம்ப் கூடவே கூடாது.

செம்பு ஒயர்:
ஒரே பேட்டரி என்பதைக் கவனிக்காம விட்டுட்டேன். இஞ்சினை அணைச்சு, தூண்டில் போட்டு, பாட்டும் ஓடினால் திரும்ப ஸ்டார்ட் ஆகாது. ஆம்புக்குத் தனி டீப் சைக்கிள் பேட்டரி (ஆழமா இறங்கி ஏறுவதைத் தாங்கும் வகை), நடுவில் வோல்டேஜ் ரிலே; இஞ்சின் ஓடும்போது இரண்டையும் சேர்த்து சார்ஜ் பண்ணும், அணைச்சா பிரிச்சுடும். பிளேயரின் மஞ்சள் ஒயரையும் (ஸ்டேஷனை நினைவில் வைக்க எப்போதும் கரண்ட் எடுப்பது) சுவிட்ச் வழியாவே கொடுங்க. நேரா கொடுத்தால், படகு வாரக்கணக்கில் சும்மா கிடக்கும்போது பேட்டரி இறங்கும். சுவிட்சில் போனால் ரேடியோ ஸ்டேஷன் மறக்கும், அவ்வளவுதான்.

ஆற்றோரம்:
நன்றி அண்ணே. கார் கடையே முழுசா செய்றேன்னு நின்றால்?

பலகை:
நெகட்டிவ்வை எங்கே கொடுப்பீங்கன்னு கேளுங்க. "பாடியில" என்றால் வேற கடை பாருங்க.